ரங்கிட்டோட்டோ எரிமலைத் தீவு: அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறலாமா?

உப்புவெளிப் பெடியன்:
வணக்கம். தை மாதம் அம்மாவோடு நியூசிலாந்தில், ஒக்லாந்தில் உள்ள அக்கா வீட்டுக்குப் போகிறோம். துறைமுகத்துக்கு எதிரே ரங்கிட்டோட்டோ என்றொரு எரிமலைத் தீவு இருக்கிறதாம், காலையில் போய் ஏறிவிட்டுப் பின்னேரம் திரும்பலாம் என்கிறார் அக்கா, ஆனால் வேலை, பிள்ளைகள் என்று அவரே இன்னும் போனதில்லை. எனக்குத் தெரிந்த தீவுப் பயணம் நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவில் நீந்திவிட்டு வருவதுதான். அம்மாவுக்கு முழங்கால் நோ. கோணேசர் கோயிலுக்கு நின்று நின்று ஏறுவார். இது ஏலுமா? எரிமலை திரும்ப வெடிக்காதா என்றும் கேட்கச் சொன்னார்.

கடல்தாண்டி வந்தவள்:
தம்பி, நானும் திருகோணமலைதான், இப்போது ஒக்லாந்தில். ஏலும். உயரம் 259 மீற்றர்தான், இறங்குதுறையிலிருந்து உச்சிக்கு ஒரு மணித்தியாலம், அம்மாவோடு என்றால் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் மெதுவானது, கடைசியில்தான் படிகள். சிக்கல் ஏற்றத்தில் இல்லை, வெயிலில். தை அங்கே நடுக்கோடை, பாதையின் இருபக்கமும் கறுப்பு எரிமலைக்கல், அந்தச் சூடு கீழிருந்தும் அடிக்கும். நாங்கள் வெயிலில் வளர்ந்த ஆட்கள்தானே என்று தொப்பியில்லாமல் போகவேண்டாம், நியூசிலாந்து வெயில் காற்றுக் குளிரில் தெரியாமலே தோலைச் சுட்டுவிடும். தீவில் கடையில்லை, குடிதண்ணீர் இல்லை. மழை கல்லிடுக்கால் நேரே உள்ளே இறங்கிவிடுவதால் ஓடைகூடக் கிடையாது. ஆளுக்கு 2 லீற்றர் கொண்டுபோங்கள், சாப்பாடும் கட்டிக்கொண்டு. பாட்டாச் செருப்பு வேண்டாம், சின்னக் கல் உருளும். அம்மாவுக்கு ஏலாவிட்டால் இறங்குதுறைப் பக்கம் கரையோரமாக நடக்கலாம், பழைய விடுமுறைக் குடில்கள் இருக்கின்றன, பார்க்க வடிவு.

கன்னியாக்காரன்:
எரிமலை பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா? நம்ம கன்னியா வெந்நீரூற்றுக்குக் கீழேயும் எரிமலைதானே 😀

பழைய பூகோள வாத்தியார்:
இல்லை ஐயா, இதைப் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது, நம்முடைய பாறை மிகப் பழையது. கன்னியாவில் மழைத்தண்ணீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போய், பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது, அவ்வளவுதான். ரங்கிட்டோட்டோ வேறு கதை. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்தான் கடலிலிருந்து எழுந்தது, ஒக்லாந்தைச் சுற்றியுள்ள 50க்கு மேற்பட்ட எரிமலைகளில் அதுதான் கடைக்குட்டி, பெரியதும் அதுதான். வெடித்தபோது பக்கத்துத் தீவான மொட்டுட்டாப்புவில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இருந்திருக்கிறார்கள், சாம்பலில் மனிதர், நாய் காலடிகள் பதிந்து கிடைத்திருக்கின்றன. அம்மாவிடம் சொல்லுங்கள், அங்கே பொதுவாக ஓர் இடத்தில் எரிமலை வெடித்தால் அடுத்தது வேறொரு இடத்தில்தான். நில அசைவைக் கருவி வைத்துக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உப்புவெளிப் பெடியன்:
நன்றி சேர். "வேறொரு இடம்" என்றால் அக்கா வீட்டுக்குக் கீழேயா என்கிறார் அம்மா! சரி, படகு எப்படி? இரவு அங்கேயே தங்கலாமா?

கடல்தாண்டி வந்தவள்:
தங்க முடியாது. நகரத்து இறங்குதுறையிலிருந்து ஃபெரி 25 நிமிடம் அளவில் போகும், காலை முதல் படகையே பிடியுங்கள், வெயில் ஏறமுன் உச்சிக்குப் போய்விடலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள், பின்னேரம் வெள்ளனவே முடிந்துவிடும், தவறினால் தனிப்படகு எடுக்கக் காசு கரையும். படகில் ஏறமுன் சப்பாத்தைக் கழுவி, பையை உதறிப் பாருங்கள். எலியும், கீரி போன்ற ஸ்டோட் என்ற விலங்கும் இல்லாத தீவு என்று 2011இல் அறிவித்தார்கள், ஒரு விதையோ எறும்போ போனாலும் பிழை. இன்னொன்று, உச்சிக்குப் போகும் வழியில் எரிமலைக்குழம்பு வடிந்த குகைகளுக்குக் கிளைப்பாதை பிரியும். அக்காவின் பிள்ளைகள் வந்தால் கட்டாயம் உள்ளே புகுவார்கள், நல்ல டோர்ச் ஒன்று கொண்டுபோங்கள், போன் வெளிச்சம் காணாது.