புதுப்பிப்பு: ஃபேடர் எல்லாம் அடியில் கிடந்த பிரச்சினை தீர்ந்தது

பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லா டிராக்கும் மிக அதிக ஒலியளவில் பதிவாகி வந்ததால் ஃபேடர்களை (ஒவ்வொரு டிராக்கின் ஒலியளவையும் ஏற்றி இறக்கும் நகர்த்தி) மைனஸ் 20 டெசிபலுக்குக் கீழே வைத்துத்தான் மிக்ஸ் செய்ய முடிகிறது, கொஞ்சம் நகர்த்தினாலே அளவு எகிறுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது கிளிப் கெயின் (பதிவான ஒலித்துண்டின் அளவையே மாற்றுவது) யோசனைதான். ஃபேடரால் குறைக்காமல், பிளக்-இன்களுக்கு (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) முன்னாலேயே ஒவ்வொரு கிளிப்பின் கெயினையும் குறைத்து, சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம் வரும்படி வைத்தேன். அதற்கு ஈடாக ஏற்றியதும், இப்போது ஃபேடர்கள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கின்றன. அங்கே ஒரு டெசிபலுக்கே நல்ல இடைவெளி இருப்பதால் அரை டெசிபல் மாற்றம்கூட கைக்கு அடங்குகிறது. மிருதங்கத்துக்கு மட்டும் சராசரியைப் பார்க்காதீர்கள், அடி விழும் உச்சம் மைனஸ் 8-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மொத்த ஒலியளவுக்கான மாஸ்டர் ஃபேடரை இறக்கும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. என் மென்பொருளில் மாஸ்டரில் போட்ட லிமிட்டர் (ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுப்பது) ஃபேடருக்கு முன்னால் இருக்கிறது, அதனால் அது பழையபடியே நசுக்குகிறது.

எதிர்பாராதது ஒன்று: குரலில் 12 டெசிபல் குறைத்ததும் கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அடக்கும் பிளக்-இன்) அசையவே இல்லை. அது வேலை செய்யத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டையும் அதே 12 டெசிபல் இறக்கியதும் பழைய சத்தம் திரும்பியது. அப்புறம், ப்ரீ-ஃபேடர் சென்டில் (ஃபேடருக்கு முன்பே ஒலியைப் பிரித்து அனுப்பும் வழி) போகும் ரிவெர்ப் (எதிரொலிப்பு) இருந்தால் அதுவும் அதே அளவு குறைந்துவிடும், சென்டை ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபேடருக்குப் பின் பிரியும் போஸ்ட்-ஃபேடர் சென்டுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.