டிஹுவானா டாக்கோவும் மாரிஸ்கோஸும்: மனசில் நிற்கும் ஒன்றை எழுதுங்கள்

நெத்திலி

அமெரிக்கப் பக்கம் சான் டியேகோவிலிருந்து சான் இசிட்ரோ எல்லை வாசல் வழியாக மெக்சிகோவின் டிஹுவானாவுக்கு நடந்துதான் போனோம். எல்லைக் கதையெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். அங்கே அவெனிடா ரெவலூசியோன் தெருவில் ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்கார வைத்தார். விலை முழுக்க டாலரில். மீன் டாக்கோவுக்கு (டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் மீனை மடித்துத் தருவது) சான் டியேகோ விலையே கேட்டார்கள், முட்டைக்கோஸை விலக்கி மீனைத் தேட வேண்டியிருந்தது. சரி, சுற்றுலாத் தெரு என்றால் எந்த ஊரிலும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. எட்டாம் தெருவும் கின்டானா ரோ தெருவும் சேரும் முனையில் நிற்கிறதே, மாரிஸ்கோஸ் ரூபென் வண்டி (மாரிஸ்கோஸ் என்றால் கடலுணவு), அங்கே. முன்னால் விதவிதமாகச் சல்சா, அதாவது அவர்கள் ஊர்ச் சட்னி, வைத்திருந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நடுவில் ஒன்று மட்டும் நல்ல கறுப்பு. நான் அதில் கரண்டியை விட்டதும், பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார். என் புறங்கையை நீட்டச் சொல்லி ஒரே ஒரு சொட்டு வைத்தார். நக்கினேன். முதலில் உப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம் கருகின மிளகாய், கடைசியாகக் காது. ஆமாம், காதுதான் எரிந்தது. அவர் சிரிக்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இன்னொரு சொட்டு கேட்ட பிறகுதான் தன் தட்டுக்குத் திரும்பினார்.

அந்தக் கறுப்பில் என்னதான் இருக்கிறது? வீட்டில் செய்து பார்த்தால் வெறும் சோயா சாஸ் காரமாக வருகிறது.

தூத்துக்குடிக்காரன்

அது சல்சா நெக்ரா. சோயா சாஸ், வூஸ்டர்ஷயர் சாஸ், எலுமிச்சைச் சாறு, கூடவே மாகி. நம் நூடுல்ஸ் மாகி இல்லை, ஹூகோ மாகி என்று சின்னக் குப்பியில் விற்கும் கறுப்புத் திரவம். மெக்சிகன் மளிகைக் கடை எதிலும் கிடைக்கும். காய்ந்த மிளகாயை உண்மையிலேயே கருக விட வேண்டும், வீடு முழுக்க இருமல் வரும் வரைக்கும். உங்களுக்கு வராததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கடைக்குக் கடை கைப்பக்குவம் மாறும்.

ஆனால் ஒன்று. ரூபென் நல்ல கடை, அதில் சந்தேகமில்லை. மெக்சிகோவின் சோனோரா மாநிலத்துப் பாணி, கரியில் சுடுகிற வாசனைக்கே போகலாம். ஆனால் மலிவான கடை என்று நினைத்துவிடாதீர்கள். மாரிஸ்கோஸ் எங்கேயுமே அடோபாடா (மசாலா தடவிச் சுட்ட பன்றி இறைச்சி) டாக்கோ விலைக்கு வராது. நாலு பேர் போய் அக்வாசிலே (எலுமிச்சையில் ஊறிய பச்சை இறால்), கடலுணவுக் காக்டெயில் என்று இறங்கினால் பில் எகிறும். காசுக்கு நிறைய வேண்டும் என்றால் எல் மசட்டேன்யோ போங்கள். சினலோவா மாநிலத்துப் பாணி. இறால் டாக்கோ ஒன்று எடுத்தால் டார்ட்டியாவை மூடவே முடியாது, பாதி இறால் தட்டில் கிடக்கும், அதற்கு இன்னொரு டார்ட்டியா கேட்க வேண்டும்.

என் கதை சின்னது. இந்த மாதிரிக் கடை ஒன்றில், உட்கார்ந்ததும் குட்டி டம்ளரில் சூடாக இறால் சூப் கொடுத்தார்கள். கேட்கவே இல்லை, தானாக வந்தது. ஒரு மடக்கு குடித்ததும் நிமிர்ந்துவிட்டேன். அதில் காய்ந்த இறால் போட்டிருக்கிறார்கள். கருவாடு காயும் தெருவில் வளர்ந்தவன் நான், இது தெரியாதா? பரிமாறிய பையனிடம் கேட்டேன். இல்லை, பச்சை இறால்தான் என்றான். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து மறுபடியும் இல்லை என்றான். நான் இன்னும் நம்பவில்லை. மெக்சிகோவில் காய்ந்த இறாலில் சூப் வைப்பது ஊரறிந்த வழக்கம், அதை ஏன் மறைக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

பசித்தவன்

டாக்கோ கேட்ட இடத்தில் எல்லோரும் மீனுக்குப் போய்விட்டீர்கள். நான் ராத்திரி ஆள்.

சோனா ரியோ பகுதியில் எல் ஃபிராங்க் என்ற டாக்கோ கடை. கூட்டம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பியில் பன்றி இறைச்சி சுழல்கிறது, சீவுகிறார், டார்ட்டியாவில் விழுகிறது, வெங்காயம், கொத்தமல்லி, மேலே குவாகமோலே (மசித்த அவகாடோ) ஒரு தீற்று, காகிதத்தில் சுருட்டிக் கையில். 'கோன் டோடோ?' (எல்லாம் சேர்த்தா?) என்று கேட்டால் 'சி' (ஆமாம்) என்று சொல்லுங்கள், வேறு ஒன்றும் பேச வேண்டாம்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அங்கே நடந்தது இல்லை. டிஹுவானாவின் ஓட்டே பகுதிப் பக்கம் பேர் போடாத ஒரு தெருக்கடை. தின்றுவிட்டுக் கடைசியில்தான் காசு. எத்தனை தின்றாய் என்று கேட்பார்கள், நீ சொல்வதுதான் கணக்கு, யாரும் எழுதி வைப்பதில்லை. எனக்கு முன்னால் ஒரு அப்பா, கூட ஆறேழு வயதுப் பையன். அப்பா ஒரு எண்ணிக்கை சொன்னார். பையன் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒரு விரலைக் காட்டி, இன்னும் ஒன்று என்றான். அப்பா யோசித்தார், கடைக்காரர் பையனைப் பார்த்தார், பையன் விரலை இறக்கவே இல்லை. அப்பா கூடுதலாகக் காசை வைத்தார். கடைக்காரர் அந்த ஒன்றுக்கான காசை மட்டும் திருப்பித் தள்ளினார். அப்பா மறுபடி தள்ளினார். நான் பின்னால் பசியோடு, இவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று நிற்கிறேன்.

சைவப்பூனை

எல்லோரும் இறாலும் பன்றியுமாக எழுதுகிறீர்கள். சைவம் சாப்பிடுகிறவள் ஒருத்தி எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன்.

மெர்காடோ ஹிடால்கோ சந்தைப் பக்கம் ஒரு அம்மா கடை. 'சின் கார்னே' (கறி இல்லாமல்) என்று பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். பீன்ஸ், சீஸ், டார்ட்டியா எல்லாம் தட்டில் வந்தது. வாயில் வைக்கப் போகிறேன், அந்த அம்மா வேகமாக வந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். கறியே வேண்டாமா, கொஞ்சம்கூட வேண்டாமா என்று கேட்டிருக்க வேண்டும், எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் வேண்டாம் என்றதும் அடுப்புப் பக்கம் கூட்டிப்போய் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். மான்டேகா. பன்றிக் கொழுப்பு. பீன்ஸ் அதில்தான் தாளித்தது. அப்புறம் வேறு சட்டியை எடுத்துக் கழுவி, எண்ணெய் விட்டு, நோபால் கள்ளியும் காளானும் வதக்கிக் கொடுத்தார். கூட்டம் நிற்கிறது, அந்த அம்மா எனக்காகச் சட்டி கழுவுகிறார். இங்கே எத்தனையோ உணவகத்தில் 'வெஜிடேரியனா' என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்கிறார்கள்.

பீன்ஸில் மட்டும் இல்லை, கோதுமை டார்ட்டியாவிலும் பெரும்பாலும் மான்டேகா இருக்கும். சோள டார்ட்டியா கேளுங்கள்.

மீராமேசாவாசி

நல்ல திரி. நான் ஒரு முறை செவிச்சே டோஸ்டாடா (மொறுமொறு டார்ட்டியாமேல் எலுமிச்சையில் ஊறிய கடலுணவு) சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. ஆனால் யாரும் முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கவனிக்கவும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஸ்டாம்ப்போ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டது, கையில் ஐ-797 (அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதம்) மட்டும் இருக்கிறது என்றால் மெக்சிகோ அதை ஏற்காது. அவர்களுடைய விசா வாங்க வேண்டும். திரும்பி வருவதற்கு ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்று ஒரு விதி இருக்கிறது: 30 நாளுக்குள் மெக்சிகோ போய்த் திரும்பினால், ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்ற நுழைவுப் பதிவு) செல்லுபடியானால், பழைய ஸ்டாம்ப்போடு உள்ளே வரலாம். ஆனால் அங்கே போய்ப் புது விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்த வசதி போய்விடும். ஐ-94 அட்டையை அல்லது அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

காரில் போகிறவர்கள் மெக்சிகன் இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும், இங்கத்திய பாலிசியை அங்கே மதிக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் காரே வேண்டாம். சான் டியேகோவின் நீல நிற டிராலி ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போய் நடந்து தாண்டுங்கள், அந்தப் பக்கம் ஊபர் ஓடுகிறது. பெசோ வைத்துக்கொள்ளுங்கள். டாலர் வாங்குவார்கள், ஆனால் மாற்று விகிதம் கடைக்காரர் மனசுப்படி. ஏ.டி.எம்.மில் 'டாலரில் கணக்கிடட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். மிச்சமான அடோபாடாவைப் பார்சல் கட்டிக்கொண்டு வராதீர்கள், பன்றி இறைச்சியை எல்லையில் விடமாட்டார்கள். எந்தச் சாப்பாடாக இருந்தாலும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் கொண்டுவந்தால்தான் அபராதம்.

பசித்தவன்

சார், டாக்கோ பற்றி ஒரு வரி, ஐ-94 பற்றி ஒரு பக்கம்.

மீராமேசாவாசி

டாக்கோ தின்றுவிட்டுத் திரும்பி வர வேண்டாமா தம்பி?

வடமராட்சியான்

நான் கனடாவில் இருந்து மச்சான் வீட்டுக்கு சான் டியேகோ வந்தபோது போன கதை. அக்வாசிலே பற்றி ஒருவரும் விவரமாக எழுதாதபடியால் எழுதுகிறேன்.

கறுப்புக் கல் சட்டியில் வந்தது. எலுமிச்சைச் சாறு, அரைத்த பச்சை மிளகாய், வெள்ளரிக்காய், சிவப்பு வெங்காயம், அதுக்குள் பிளந்து விரித்த பச்சை இறால். வரும்போது இறால் கண்ணாடி மாதிரி, உள்ளே அடி தெரிகிறது. மச்சானோடு கதைத்துக்கொண்டு இருக்கும்போதே ஓரத்தில் இருந்து வெள்ளையாக மாறத் தொடங்கினது. நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கடற்கரையில் பிறந்த ஆள், இறாலை எத்தனை விதத்தில் சாப்பிட்டிருப்பேன், ஆனால் தட்டில் வைத்துக்கொண்டே நிறம் மாறுவதைப் பார்த்தது அதுதான் முதல் தரம். மச்சான் முழுக்க வெள்ளையாகும் வரை பொறுத்திருந்தார். நான் நடுவில் இன்னும் கண்ணாடியாக இருக்கும்போதே எடுத்தேன். இனிப்பு. சீனி இனிப்பு இல்லை, கடல் இனிப்பு. மேலே நொறுக்கிப்போட்ட சில்டேபின் என்ற குண்டுமணி அளவு மிளகாய் வேறு.

ஒன்று சொல்ல வேண்டும். எலுமிச்சை இறாலின் நிறத்தை மாற்றும், சதையை இறுக்கும், ஆனால் சமைத்ததுக்கு ஈடு இல்லை. கிருமி முழுக்கச் சாகாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், பிள்ளைத்தாச்சிப் பெண்கள் பச்சைச் சிப்பியையும் இதையும் தொட வேண்டாம். மற்றவர்கள் ஆள் கூட்டமாக உள்ள கடையில், மத்தியானத்துக்குள் சாப்பிடுவது நல்லது.

நெத்திலி

தூத்துக்குடி அண்ணா, மிளகாயைக் கருக விட்டுச் செய்தேன். வீட்டில் எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் வந்துவிட்டது! அந்தக் காது எரிச்சல் மட்டும் இன்னும் வரவில்லை.

தூத்துக்குடிக்காரன்

காதுக்கு அந்தச் சில்டேபினைத்தான் சேர்க்க வேண்டும், வடமராட்சியார் சொன்னாரே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மீன் டாக்கோவைத் தேடி டிஹுவானாவில் அலையாதீர்கள். நெத்திலி ரெவலூசியோனில் சாப்பிட்டதை வைத்து யாரும் முடிவு கட்டவும் வேண்டாம். மாவில் தோய்த்துப் பொரித்து, கோஸும் கிரேமாவும் (மெக்சிகன் கிரீம்) போட்ட அந்த மீன் டாக்கோ, டிஹுவானாவுக்குத் தெற்கே உள்ள என்சனாடா ஊரின் பெருமை. சான் ஃபெலிப்பே ஊர்க்காரர்கள் எங்களுடையது என்பார்கள். அமெரிக்காவில் அதைப் பரப்பிய ரூபியோஸ் உணவகம்கூட, அதன் நிறுவனர் சான் ஃபெலிப்பேயில் சாப்பிட்டுவிட்டு வந்து 1983ல் சான் டியேகோவில் தொடங்கியதுதான். டிஹுவானாவுக்குப் போனால் மார்லின் (பெரிய கடல் மீன்), இறால், ஆக்டோபஸ், இதுகளைக் கேளுங்கள். புகை போட்ட மார்லின் டாக்கோ ஒன்று போதும், மீன் டாக்கோ மறந்துவிடும்.

சைவப்பூனை

ரெவலூசியோனை எல்லோரும் இப்படித் திட்ட வேண்டாம். சீசர் சாலட் பிறந்ததாகச் சொல்வது அந்தத் தெருவில்தான், 1924ல், சீசர் கார்டினியின் உணவகத்தில். இப்போதும் சீசர்ஸ் என்ற பெயரில் கடை இருக்கிறது, மேசைக்குப் பக்கத்தில் வந்து மரக் கிண்ணத்தில் கலந்து தருகிறார்கள். (நான் சாப்பிட முடியாது, அதில் நெத்திலி மீன் சாரம் உண்டு. நெத்திலி, உங்களைச் சொல்லவில்லை.)

பசித்தவன்

சாலட்டுக்காக எல்லை தாண்டச் சொல்கிறீர்களா?

புதுசா வந்தவன்

இதையெல்லாம் படித்துவிட்டு வேலை முடிந்து நேராக ரூபென் வண்டிக்குப் போனேன். இருட்டிவிட்டது. வண்டியைக் காணோம். பக்கத்துக் கடைக்காரர் கையை விரித்து ஏதோ சொன்னார். கடையை இடம் மாற்றிவிட்டார்களா?

தூத்துக்குடிக்காரன்

மாற்றவில்லை. மாரிஸ்கோஸ் பகல் சாப்பாடு தம்பி. காலையில் வந்த சரக்கு சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும், வண்டியும் கிளம்பிவிடும். இருட்டின பிறகு அடோபாடா, காலையில் பிர்ரியா (மசாலாவில் மெதுவாக வெந்த இறைச்சி). மெர்காடோ ஹிடால்கோ பக்கத்தில் டாக்கோஸ் ஃபிட்டோஸ் என்று ஒன்று இருக்கிறது, பிர்ரியாவுக்கும் குடலுக்கும் பேர் போனது. சனிக்கிழமை காலையில் அங்கே தொடங்கி, மத்தியானம் ரூபென், ராத்திரி எல் ஃபிராங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசா வந்தவன்

சரி அண்ணா. அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், எதிரே சைக்கிளில் சுருள் உருளைக்கிழங்கு விற்றவரிடம் வாங்கித் தின்றுவிட்டு, திரும்பி வரும் எல்லை வரிசையில் நின்றேன். வரிசை இரண்டு மணி நேரம்.

மீராமேசாவாசி

ஐ-94 கையில் இருந்ததா?