1/25-ல் புது அச்சு: 1969 ஷெவெலுக்கு நாலு கதவா, நடுத்தூணா?

நாலுகதவு:
ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் மாடல் கார்களில் புது கிட் எந்தக் காருக்கு வேண்டும் என்று கேட்டால் வருகிற பட்டியல் மாறுவதே இல்லை. கமாரோ, மஸ்டாங், சார்ஜர், குடா. எல்லாம் இரண்டு கதவு, எல்லாம் ஏற்கெனவே கடையில் இருப்பவை. நான் கேட்பது 1968–72 செவர்லே ஷெவெல் காரின் நாலு கதவு செடானும் வேகனும், 1/25 அளவில், புது அச்சில் (மோல்டில்). டயோராமாவில் (சின்ன அளவுக் காட்சி அமைப்பில்) ஒரு பெட்ரோல் பங்க் வைத்து அதில் ஐந்து எஸ்எஸ் 396-ஐ, அதாவது பெரிய என்ஜின் போட்ட வேக ஷெவெலை, நிறுத்தினால் அது கார் ஷோ மாதிரி இருக்கிறது, தெரு மாதிரி இல்லை. கிட் கம்பெனி ரெவெலிடம் 1968, 1969 ஷெவெல் கூப்பே (இரண்டு கதவு) இரண்டும் இருக்கின்றன. மூக்கு, என்ஜின், டேஷ்போர்டு எல்லாம் தயார். மேல்பாதியை மட்டும் மாற்ற என்ன கஷ்டம்?

ஸ்ப்ரூவெட்டி:
"மேல்பாதி மட்டும்" என்பதில்தான் தப்பு இருக்கிறது நண்பரே. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவெலின் அடித்தளமான அந்த ஏ-பாடியை இரண்டாகப் பிரித்துவிட்டது. இரண்டு கதவுக்கு வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 112 அங்குலம். நாலு கதவு, வேகன், எல் கமீனோ (ஷெவெலின் பிக்கப் வடிவம்) மூன்றுக்கும் 116. நம் அளவில் 113.8 மி.மீ., 117.9 மி.மீ. நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சேசிஸ், இன்டீரியர் தொட்டி, டிரைவ் ஷாஃப்ட், சைலன்ஸர் குழாய் ஒவ்வொன்றிலும் அந்த நாலு மில்லிமீட்டரைச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் பாடி. கிட்டிலேயே சிக்கலான அச்சு அதுதான். இரண்டு பக்கம், முன், பின் என்று தனித்தனியாக விலகும் துண்டுகள் வேண்டும். நீங்கள் கேட்பது பாதி கிட் இல்லை, முக்கால் கிட்.

1964–67-ஐப் பாருங்கள். கூப்பே, செடான், வேகன், எல் கமீனோ எல்லாவற்றுக்கும் ஒரே 115 அங்குலம். 1966 மாடலில் மலிபு (ஷெவெலின் உயர் ரகம்), எல் கமீனோ, வேகன் மூன்றையும் ரெவெல் போட்டதன் சூட்சுமம் அங்கேதான். நாலு கதவு வேண்டுமென்றால் அந்த வருடங்களில் கேளுங்கள்.

நாலுகதவு:
சேசிஸ்தான் தடை என்றால், செவர்லேயின் 1970 மான்டி கார்லோவின் வீல்பேஸும் 116தான். அதற்கு ஏஎம்டி கம்பெனியின் கிட் பெட்டி கிடைக்கிறதே. அதன் அடிப்பாகத்தை எடுத்து ஷெவெலுக்கு அடியில் வைத்தால் முடிந்தது.

மில்லிமீட்டர்:
முடியாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தூரம் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். மான்டி கார்லோவில் ஃபயர்வால் (என்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுச்சுவர்), முன்கண்ணாடி, பின்கண்ணாடி மூன்றும் ஷெவெல் கூப்பேயிலிருந்து வந்தவை. கூடுதல் நாலு அங்குலம் ஃபயர்வாலுக்கு முன்னால், அந்த நீளமான பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. செடானிலோ அது பின்சீட்டில் உட்காருகிறவர் கால் நீட்டுகிற இடத்தில். நீங்கள் சொன்னபடி வைத்தால் நாலு சக்கரமும் வளைவுக்கு நடுவில் அழகாக நிற்கும். தரையும் ஃபயர்வாலும் 4 மி.மீ. பின்னுக்குப் போய், ஸ்டீயரிங் ஓட்டுநர் மடியில் இருக்கும்.

அடிப்பாகத்தைக் கடன் வாங்கச் சரியான கார் எல் கமீனோதான். ஏஎம்டியின் 1968 எல் கமீனோவை ஸ்கேல் வைத்து அளந்து, 117.9-க்கு அரை மில்லிமீட்டருக்குள் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் ரெவெல் சேசிஸையே முன்சீட்டுக்குப் பின்னால் ரேசர் ரம்பத்தால் குறுக்கே அறுத்து 4 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை வைத்து ஒட்டலாம். அறுப்பதற்கு முன் அடியில் நீளவாக்கில் இரண்டு பித்தளைக் கம்பிக்குக் குழி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒட்டுகிறபோது சட்டம் முறுக்கிக்கொள்ளும், கடைசியில் ஒரு சக்கரம் மேசையைத் தொடாது.

லேயர்கோடு:
எதற்கு இந்தச் சண்டை? செடான் பாடியை 3டி பிரின்ட் எடுத்தால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நூறு பேர் கேட்கிற காருக்கு எஃகு அச்சு வெட்டச் சொல்வது நியாயமே இல்லை.

நாலுகதவு:
பிரின்ட்டில் பாடி வரும். கண்ணாடி? குரோம் பம்பர்? செடானின் கூரை கூப்பேயைவிட உயரம், அதனால் முன்கண்ணாடிச் சட்டமே வேறு; ரெவெல் கண்ணாடி அதில் உட்காராது. 0.25 மி.மீ. அசிடேட் தாளை வெட்டி வளைத்தாலும் மூலையில் இரண்டு பக்கமாக வளைய வேண்டிய இடத்தில் மடங்கும். அப்புறம் வேக்கம் ஃபார்ம், அதாவது சூடான பிளாஸ்டிக் தாளை அச்சின் மேல் உறிஞ்சி வடிவம் எடுப்பது. இத்தனையும் செய்யத் தெரிந்தவருக்கு கிட்டே வேண்டாமே.

வார்ப்பு ரெசின் இன்னும் மோசம். 1969 கூப்பே நம் அளவில் ஏறக்குறைய 200 மி.மீ. நீளம். அரை சதவீதம் சுருங்கினால் 1 மி.மீ. போச்சு. வார்ப்பையே மூல மாதிரியாக வைத்து மறுபடி வார்த்தவர் கையில் 2 மி.மீ. போச்சு. பம்பர் இரண்டு ஓரத்திலும் துருத்திக்கொண்டு நிற்பது அதனால்தான்.

லேயர்கோடு:
சுருக்கம் பிரின்ட்டிலும் உண்டு, ஆனால் அளந்து ஃபைலிலேயே கூட்டிவிடலாம். பாடியைப் படுக்க வைத்துப் பிரின்ட் போட்டால் கூரையில் படிக்கட்டு விழும். 40–45 டிகிரி சாய்த்துப் போடுங்கள். புற ஊதா (யுவி) விளக்கில் முழுசாகக் காய்ந்து முடியும் வரை கண்ணாடித் திறப்புகளுக்குக் குறுக்கே தாங்கு பட்டைகளை விட்டு வையுங்கள், தூண்கள் உள்ளே வளையாது. கண்ணாடி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஸ்ப்ரூவெட்டி:
நான் ஒரு மாற்று சொல்கிறேன். 1969-ல் எஸ்எஸ் 396 என்பது தனி வரிசையாக இல்லாமல் ஆப்ஷன் ஆனது. மலிபு மட்டுமில்லை, மலிவான 300 டீலக்ஸிலும் போட்டு வாங்கலாம். அந்த 300 டீலக்ஸ் கூப்பேயில் இரண்டு கதவுக்குப் பின்னால் நடுத்தூண் உண்டு. வீல்பேஸ் 112. சேசிஸ், என்ஜின், பம்பர் எல்லாம் ரெவெலிடம் இருப்பவை. புதிதாக வேண்டியது பாடி, பக்கக் கண்ணாடி, பெஞ்ச் சீட், எழுத்து டெக்கல். மசில் கார் ஆட்களும் வாங்குவார்கள், உங்கள் தெருவுக்கும் ஒரு ஏழை வீட்டுக் கார் கிடைக்கும்.

நாலுகதவு:
ஏழை வீட்டில் 396 எங்கே வரும்? கேட்டது குழந்தைகள் ஏறும் கார், கொடுப்பது இன்னொரு டிராக் கார். பின்கதவு இல்லாத சமாதானம் எனக்கு வேண்டாம்.

ஜோஹான்பைத்தியம்:
எல்லோரும் செவர்லேயிலேயே நில்லுங்கள். ஏஎம்சி, கிரைஸ்லர், ஓல்ட்ஸ்மொபீல் எல்லாம் ஒரு காலத்தில் டெட்ராய்ட்டின் ஜோ-ஹான் போட்டவை; கம்பெனி போன பிறகு அந்தப் பக்கமே பெரிய ஓட்டை. பழைய பெட்டிகளிலும் அடிப்பாகம் ஒரே தட்டு, சைலன்ஸர் அதிலேயே ஒட்டியிருக்கும். புது அச்சுக்கு முதல் உரிமை அங்கேதான்.

மில்லிமீட்டர்:
அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன். இங்கே நடுத்தூண் விஷயம் முடியட்டும்.

அச்சு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்கு: ரெவெல் 1969 பாடியிலேயே தூண் வைக்கலாம், கூரைச் சரிவைத் தொட வேண்டாம். 0.5 மி.மீ. தடிமன் பட்டையில் முதலில் தூண், அது காய்ந்த பிறகு கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம். தூணின் சாய்வைப் பக்கவாட்டுப் படத்தில் கதவுக் கோட்டோடு ஒப்பிட்டு எடுங்கள். கண்ணளவில் வைத்தால் செங்குத்தாகிவிடும், பார்த்ததும் தெரியும். இடைவெளியை அடைக்க சூப்பர் க்ளூ போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி. உப்புத்தாள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டுக் க்ளூவை மேடாக விட்டு வைக்கும். டியூப் புட்டியும் வேண்டாம், பெயின்ட் அடித்து ஒரு மாதம் கழித்துச் சுருங்கி அந்தக் கோடு மறுபடி தெரியும்.

ஸ்ப்ரூவெட்டி:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1969-ல் முன்கதவின் முக்கோணக் கண்ணாடி ஹார்ட்டாப்பிலும் (நடுத்தூண் இல்லாத கூரை) கன்வெர்டிபிளிலும்தான் போனது. நடுத்தூண் கூப்பேயில் இருந்தது.

மில்லிமீட்டர்:
ஆமாம், சரி. அப்படியானால் சட்டம் வைக்கும் முன் அந்தக் குறுக்குப் பட்டையை வைக்க வேண்டும், பிறகு விரல் போகாது. 0.4 மி.மீ. போதும்.

நாலுகதவு:
முக்கோணம் செடானிலும் உண்டு. சும்மா சொன்னேன்.