யார்க் நகர மதிலில் முழங்கால் வலி உள்ளவர் எந்தப் பகுதியில் நடக்கலாம்?

கேள்வி: கொடுமுடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் தம்பியைக் காண, வரும் பங்குனிக் கடைசியில் அப்பா அம்மாவுடன் புறப்படுகிறோம். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய யார்க் நகருக்கு ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கியிருக்கிறோம். அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். சங்ககிரிக் கோட்டைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று வாயில் வாயிலாக நின்று பாடம் நடத்தியவர். யார்க்கின் மதிலை முழுதும் சுற்றி வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் இப்போது முழங்கால் வலியால் படியேறச் சிரமப்படுகிறார். அம்மாவுக்கு யார்க் மின்ஸ்டர் என்னும் பேராலயத்தை அவசரமின்றிப் பார்த்தால் போதும். மதிலில் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், எவற்றை விட்டுவிடலாம் என்று அங்கே சென்றவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நொய்யல்கரை

அக்கா, வணக்கம். நான் பேரூர்க்காரன், யார்க்கில் படித்தவன். மதிலின் மொத்த நீளம் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். தொலைவை விட, வாயில்களில் ஏறி இறங்கும் குறுகலான கற்படிகள்தாம் முழங்காலைச் சோதிக்கும். சில இடங்களில் நடைபாதையின் உட்பக்கம் கைப்பிடியும் கிடையாது. ஆகவே பூதம் பார் வாயிலில் ஏறி மங்க் பார் வாயிலில் இறங்கும் வடபகுதியை மட்டும் நடந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்த நடையில் பேராலயத்தின் கோபுரங்கள் தோட்டங்களுக்கு அப்பால் உங்களுடனேயே வரும்.

அப்பாவுக்கு அந்தப் பகுதியைப் பரிந்துரைக்க வேறொரு காரணமும் உண்டு. கி.பி. 71-இல் ரோமானியர்கள் எபோராக்கம் என்ற பெயரில் அமைத்த படைக்கோட்டையின் சுவர் ஓடிய கோட்டின் மீதே அங்குள்ள இடைக்கால மதில் நிற்கிறது. பூதம் பார் இருக்கும் இடத்திலும் ரோமானியர் காலத்தில் கோட்டை வாயில்தான் இருந்தது. மதில் முழு வளையமாக இல்லாததையும் அவர் கவனிப்பார்: கிழக்கே ஃபாஸ் ஆற்றைத் தேக்கியதால் உண்டான நீர்ப்பரப்பே காவலாக அமைந்துவிட்டதால், அந்தப் பக்கம் சுவர் எழுப்பத் தேவைப்படவில்லை.

இந்த மதிலும் அழிந்திருக்க வேண்டியதுதான். 1800-ஆம் ஆண்டு வாக்கில் நகர நிர்வாகமே அதை இடித்துவிட முனைந்தது. மக்கள் எதிர்த்ததால் பெரும்பகுதி தப்பியது. வாயில்களுக்கு முன்னால் நீண்டிருந்த புறவாயில் அரண்கள் அக்காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டன. வாம்கேட் பார் வாயிலில் மட்டும் அது இன்றும் இருக்கிறது. நம் கோவையில் கோட்டைமேடு என்ற பெயர் இருந்தும் கோட்டை இல்லாமல் போனதை நினைத்தால், அந்த நகர மக்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

பேராலயத்துக்கு அரை நாளாவது கொடுங்கள். 1220 வாக்கில் தொடங்கி 1472-இல் நிறைவடைந்த கட்டடம் அது. கிழக்குக் கோடியில் உள்ள பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை 1405-க்கும் 1408-க்கும் இடையில் ஜான் தார்ன்டன் என்ற கலைஞர் தம் குழுவினருடன் செய்து முடித்தார்; உலகத்தின் படைப்பும் முடிவும் அதில் காட்சி காட்சியாக விரிகின்றன. ஒவ்வொரு கட்டமும் சிறியது என்பதால், முடிந்தால் தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நடுக்கோபுரத்துக்கு 275 படிகள். அதை விட்டுவிட்டு நிலவறைக்குப் போங்கள். 1960-களின் இறுதியில் நடுக்கோபுரத்தின் அடித்தளம் பலவீனமடைந்து, அதைக் காப்பாற்றத் தோண்டியபோது ரோமானியப் படைத் தலைமையகத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றை அங்கேயே பார்க்கலாம். கி.பி. 306-இல் கான்ஸ்டன்டைன் ரோமானியப் பேரரசராக அறிவிக்கப்பட்டது இந்நகரில்தான். அவருடைய சிலை பேராலயத்தின் தெற்கு வாயிலுக்கு வெளியே இருக்கிறது.

ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகே அனுமதிப்பார்கள். எனவே பேராலயத்தைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்குக் கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்குத் திறந்து, இருட்டும்போது மூடுவார்கள். நீங்கள் போகும் பருவத்தில் மதிலின் கரைச்சரிவெங்கும் மஞ்சள் நிற டாஃபடில் மலர்ந்திருக்கும். காற்று மட்டும் நன்றாகவே குளிரும். அம்மாவுக்குக் கனமான கம்பளி மேலாடை கட்டாயம் வேண்டும்.

மறுமொழி: ஈரோடு இருப்புப்பாதை

ரயில்வேயில் பணியாற்றியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், அனுமதி இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகம் தொட்டு, நீராவி என்ஜின்களில் உலகச் சாதனை படைத்த மல்லார்டு அங்கே இருக்கிறது. ஜப்பானின் முதல் தலைமுறை ஷின்கான்சென் அதிவேக ரயில் வண்டியின் முகப்புப் பெட்டிக்குள் ஏறி உட்காரவும் செய்யலாம். தரைமட்டமான கூடங்கள் என்பதால் அப்பாவுக்கும் சிரமம் இராது.

கேள்வி கேட்டவர்: கொடுமுடி வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா ஷாம்பிள்ஸ் தெருவைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார். கிளிஃபர்ட் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

மறுமொழி: நொய்யல்கரை

ஷாம்பிள்ஸ் முன்பு கசாப்புக்கடைக்காரர்களின் தெரு. மேல்மாடிகள் எதிரெதிரே முன்தள்ளி நிற்கும் மரச்சட்ட வீடுகளைக் காலை நேரத்தில் பார்த்தால் நெரிசல் இருக்காது. அங்கே கால் மணி நேரம் போதும்.

கிளிஃபர்ட் கோபுரத்துக்குச் செங்குத்தான படிகள் ஏற வேண்டும். அப்பா கீழேயே நின்றுவிடலாம். ஆனால் அந்த இடத்தை வெறும் படம் எடுக்கும் இடமாகக் கடந்துபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1190-ஆம் ஆண்டு மார்ச்சில், கொலைவெறிக் கும்பலுக்கு அஞ்சிய யூதக் குடும்பங்கள் அந்த மேட்டின்மீது அப்போதிருந்த மரக்கோபுரத்தில் தஞ்சம் புகுந்தன. முற்றுகைக்குள் பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களையும் கொன்றார்கள். இப்போதுள்ள கற்கோபுரம் அடுத்த நூற்றாண்டில் கட்டப்பட்டது. மேட்டின் அடியில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படிக்கப் படியேற வேண்டியதில்லை.