டேக்வாண்டோவின் மரியாதை முறை: பண்பாடா, கீழ்ப்படிதலா?

கருப்புப்பட்டை:
கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் பயிற்சிக்கூடத்தில் தலைதாழ்த்தி வணங்குவதை வெறும் சடங்கு என்று ஒதுக்குவோருடன் நான் உடன்படவில்லை. ஒரே உதையில் ஆளை வீழ்த்தக் கற்றுத்தரும் கலை, அந்தத் திறனை அடக்கி ஆளவும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். இந்தக் கலையை உருவாக்கியவர்களுள் ஒருவரான சோய் ஹோங் ஹி வகுத்த ஐந்து நெறிகளில் மரியாதையே முதலில் நிற்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கியூப வீரர் ஏஞ்சல் மாட்டோஸ், 2008 பெய்ஜிங்கில் தோற்றதாக அறிவிக்கப்பட்டதும் நடுவரின் முகத்தில் உதைத்து, வாழ்நாள் தடைக்கு உள்ளானார். அவரிடம் திறமைக்குக் குறைவில்லை. குறைவு வேறொன்றில் இருந்தது.

ஆற்றலரசு:
நண்பரே, மாட்டோஸும் ஆண்டுக்கணக்காக வணங்கிப் பழகியவர்தானே? அந்தப் பழக்கம் அவரைத் தடுக்கவில்லை. மேலும், நீங்கள் கொரியாவின் தொன்மரபாகக் கருதும் பலவும் அவ்வளவு பழையன அல்ல. 1940களில் சியோலில் பயிற்சிக்கூடங்களைத் தொடங்கியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். சீருடை, பட்டை, வரிசையாக நின்று வணங்குதல் ஆகியவை அவர்கள் வழியாக வந்தவை. 1955இல் டேக்வாண்டோ என்ற பெயரை முன்மொழிந்த சோய் ஒரு படைத்தளபதி. அவரது அமைப்பின் மாணவர் உறுதிமொழி ஆசிரியரையும் மூத்தோரையும் மதிக்கச் சொல்கிறது. இளையோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இதில் எனக்கு அணிவகுப்புத் திடல்தான் தெரிகிறது.

வில்வழி:
இருவரும் டேக்வாண்டோவோடு நின்றுவிடுகிறீர்கள். 2011இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பழைய கொரியத் தற்காப்புக் கலையான டேக்கியோனில், எதிராளிக்கு எட்டும் தொலைவில் ஒரு காலை முன்வைத்துத் தர வேண்டும் என்ற விதி உண்டு. ஆளைக் காயப்படுத்தாமல் வீழ்த்துவதே அங்கு திறமை. கொரிய வில்வித்தையில் 145 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி அன்றைய முதல் அம்பை விடுமுன், எவ்வளவு மூத்தவரானாலும் ‘வில் பயில்கிறேன்’ என்று சொல்வார். சூழ நிற்பவர்கள் நிறைய அம்புகள் இலக்கில் படட்டும் என வாழ்த்துவார்கள். மூத்தவரும் தம்மை மாணவராக அறிவிக்கும் இந்த வழக்கம் என்னை மிகவும் கவர்கிறது.

கருப்புப்பட்டை:
அருமையான எடுத்துக்காட்டுகள். ஆனால், ஆற்றலரசு அவர்களே, ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அதன் தகுதியை முடிவு செய்ய இயலாது. அதே உறுதிமொழியின் மூன்றாம் வரி, கலையைத் தவறாகப் பயன்படுத்த மாட்டேன் என்கிறது. அந்த வரி வலியவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னே உதையை நிறுத்தும் கூட்டாளியை நம்பித்தான் நாம் அசையாமல் நிற்கிறோம். அந்த நம்பிக்கையை ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பிப்பது அந்த வணக்கம்.

ஆற்றலரசு:
கூட்டாளிகள் ஒருவரையொருவர் வணங்குவதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆசிரியர் மாணவனைத் தண்டனை என்ற பெயரில் அடிக்கும்போது, அவனுக்கு மறுக்கும் உரிமையை உங்கள் நெறிகளில் எது தருகிறது? அதற்கு விடை கிடைக்கும்வரை என் எதிர்ப்பு நீடிக்கும்.

கருப்புப்பட்டை:
மூன்றாம் வரியே தருகிறது. அது ஆசிரியருக்கும் பொருந்தும். ஆசிரியர்கள் பலர் அதைத் தம் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பதுதான் குறை.