இலை இல்லாத கலப்பு விறகு: பட்டை, வெட்டுவாய், வாசனையை வைத்து இனம் பிரிப்பது எப்படி?

வேலிக்கால்:
புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய தோப்பை அழித்த விறகு, அரை டன். இலை, காய், முள் எதுவும் மிச்சமில்லை. சமையல் அடுப்புக்கு எது, வெந்நீர் அடுப்புக்கு எது என்று பிரித்து அடுக்க வேண்டும். நாலு வகை தெரிகிறது. முதல் வகைக்குப் பட்டை கருப்பு, விரல் நுனி நுழைகிற அளவுக்கு நீளநீளமாக வெடிப்பு. இரண்டாவது கோணல்மாணலான கட்டை, மெல்லிய பட்டை, உள்ளே சிவந்த பழுப்பு. மூன்றாவதில் நடுவே கரும்பழுப்பு, சுற்றி அகலமான வெள்ளை; அறுத்தால் தும்மல் வருகிறது. நாலாவதன் பட்டை வழுவழுப்பான சாம்பல் நிறம், உள்ளே முழுக்க வெளிறல், நடுவே கருத்து இறுகும் வைரமே இல்லை, வாசனையும் இல்லை, ஆனால் நல்ல கனம். வாசனையை எவ்வளவு நம்பலாம்?

தச்சுப்பட்டறை:
பழைய வெட்டுவாயைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெயிலும் மழையும் பட்டால் எல்லா மரமும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். நுனியில் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளிவிட்டு, புது முகத்தில் காசு அகலத்துக்குக் கூரான உளியால் சீவுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் தூள், மரம் நீர் ஏற்றும் நுண்துளைகளை அடைத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

வேல மரங்களிலும் வாகையிலும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய வளையம் இருக்கும். ஆல், அரசு, அத்தி என்றால் வெளிறலும் கருமையும் மாறிமாறி வரி வரியாக ஓடும்.

உங்கள் முதல் வகை கருவேலமாகத்தான் இருக்க வேண்டும். பட்டையைக் கொத்திப் பாருங்கள், உள்பட்டை சிவந்திருக்கும். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, அந்த நீரை உள்பட்டையில் இரண்டு சொட்டு விட்டால் நீலக்கருப்பாகும். துவர்ப்புச் சத்து பல மரங்களில் உண்டு, அதனால் இது துணைச் சான்றுதான். இரண்டாவது சீமைக் கருவேலம். பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி ஒடுங்கி மஞ்சளாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கருவேலத்தில் அந்தப் பகுதி வெள்ளையாக, அகலமாக இருக்கும். மூன்றாவது வாகை. தும்மலே பாதி விடை; நீளவாக்கில் பிளந்தால் ஊசியால் கீறினாற்போல் துளைக்கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கரிமூட்டம்:
வாசனை பிளந்த சூட்டோடு பார்க்க வேண்டிய விஷயம். காய்ந்த கட்டையென்றால், பிளந்த முகத்திலிருந்து ஒரு பிடி சிராயைச் சீவி டம்ளரில் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து முகர்ந்தால் வேம்பு போன்றவை தங்கள் மணத்தைக் காட்டிவிடும். இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். தைல மரத்தின் வாசனை இலையில் இருப்பது, கட்டையில் அதைத் தேடக் கூடாது. புளித்த வாடை எந்த மரத்துக்கும் சொந்தமல்ல. ஈரத்தோடு அடுக்கியதால் பூஞ்சை பிடித்திருக்கிறது.

"நல்ல கனம்" என்பதைக் கையால் சொல்லாமல் தராசில் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த கட்டையில் 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமனில் துண்டு எடுத்தால் 250 கன செ.மீ. அது 200 கிராம் பக்கம் நின்றால் சவுக்கு, வேலம் போன்ற கெட்டி விறகு. முருங்கை, இலவு அதில் பாதியைத் தாண்டுவதே அரிது. பச்சைக் கட்டையை நிறுத்துப் பயனில்லை, பாதி எடை தண்ணீராக இருக்கலாம்.

குறுங்காடு:
மற்ற மூன்றையும் விடுங்கள், நாலாவதை இப்போதே தனியே எடுத்து வையுங்கள். சாம்பல் வழுவழுப்பு, வைரம் இல்லை, கனம், புதுக்கோட்டை என்றதும் எட்டி மரம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கத்துக் கோயில் காடுகளில் அது உண்டு. சீவிய வெட்டுவாயில், சாதாரணத் துளைகளைவிடப் பெரிதாக, கட்டை முழுக்கச் சிதறிய சிறு திட்டுகள் தெரிகின்றனவா? எட்டியில் பட்டைக்குரிய மென்திசு கட்டைக்குள்ளேயே தீவு தீவாகச் சிக்கியிருக்கும். காய்ந்ததும் அந்த இடங்கள் குழி விழும்.

கசக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எட்டியின் விதை மட்டுமல்ல, பட்டையும் கட்டையும் நஞ்சுதான்.

சுள்ளிக்கட்டையும் புரட்டிப் பாருங்கள். ஒரே மட்டத்தில் மும்மூன்றாக இலைத்தழும்பு இருந்தால் செவ்வரளி. அதன் புகையே ஆகாது.

வேலிக்கால்:
சீவிப் பார்த்தேன். திட்டுகள் இருக்கின்றன, மிளகாய் விதையைவிடச் சிறியவை, ஓரம் கொஞ்சம் பழுத்த நிறம். வெந்நீர் அடுப்புக்காவது ஆகுமா?

குறுங்காடு:
வேண்டாம். வெந்நீர் அடுப்பின் புகையையும் வீட்டில் உள்ளவர்கள்தான் சுவாசிக்கிறார்கள். செதிலை ஆடுமாடு தின்னாதபடி கூட்டி எடுங்கள், உளியைக் கழுவுங்கள். கட்டையைப் பந்தல்காலாக நட்டுவிடலாம், கரையான் எளிதில் தொடாது.