பைபாஸ் கொழுப்பு: எந்தக் கொழுப்பு அமிலம், எந்த மாட்டுக்கு, எப்போது?

கேள்வி: கோபி வட்டாரப் பண்ணையாளர்

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டம் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் மூன்று கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். முதல் ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாடு ஈன்று ஒரு மாதம் ஆகிறது. நாளொன்றுக்கு 18 லிட்டர் கறக்கிறது, ஆனால் உடல்கட்டு இறங்கி இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. இரண்டாவது ஹெச்.எஃப். ஆறாம் மாதக் கறவையில் 10 லிட்டர் கொடுக்கிறது. மூன்றாவது ஜெர்சி கலப்பினம். வற்றி நிற்கிறது, ஈனுவதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் இருக்கலாம்.

பால் சொசைட்டியில் ஊற்றும் பாலின் கொழுப்பு 3.6 சதவீதத்திலிருந்து சிறிது சிறிதாக இறங்கி இப்போது 3.1-இல் நிற்கிறது. பாலின் அளவு குறையவில்லை, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8.4-க்குக் கீழே போகவும் இல்லை. வைக்கோல் விலை ஏறியதால் அதைக் குறைத்துவிட்டு, அடர்தீவனத்தைக் கூட்டி, அரிசி ஆலையிலிருந்து எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடும் வாங்கிப் போட்டு வருகிறேன். பசுந்தீவனமாகக் கோ-5 கம்பு நேப்பியரை இளம் பருவத்திலேயே அறுத்துப் போடுகிறேன்.

தீவனக் கடையில் பைபாஸ் கொழுப்பு, அதாவது முதல் வயிற்றில் மாறாமல் கடந்து குடலில் செரிக்கும் தீவனக் கொழுப்பு என்று இரண்டு வகையைக் காட்டினார்கள். ஒன்று கொழுப்பு அமிலங்களின் கால்சியம் உப்பு, மூட்டையில் 84 சதவீதம் கொழுப்பு என்று அச்சிட்டிருக்கிறது. மற்றொன்று வெண்மையான குருணை, 99 சதவீதம் கொழுப்பு, அதில் 80 சதவீதத்துக்கு மேல் பால்மிடிக் அமிலம் என்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரோ இவ்வளவு செலவு எதற்கு, தினமும் 100 மில்லி கடலை எண்ணெய் ஊற்றினாலே ஃபேட் ஏறிவிடும் என்கிறார். இவற்றுள் எதை, எந்த மாட்டுக்கு, எவ்வளவு கொடுப்பது என்று விவரமறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: கால்நடை மருத்துவர், நாமக்கல்

வணக்கம் ஐயா. எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பால் குறையவில்லை, எஸ்.என்.எஃப். குறையவில்லை, கொழுப்பு மட்டும் இறங்கியிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் மாடுகளுக்குக் கொழுப்புப் பற்றாக்குறை இல்லை. முதல் வயிற்றில், அதாவது ரூமனில், ஏற்பட்ட மாறுதலால் மடி கொழுப்பு உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

பால் கொழுப்பு இரண்டு வழிகளில் வருகிறது. நார்ச்சத்து ரூமனில் செரிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு மடியே 4 முதல் 14 வரை கார்பன் உள்ள சிறிய கொழுப்பு அமிலங்களைக் கட்டிக்கொள்கிறது. 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்திலும் ஒரு பகுதி அவ்வாறே உருவாகிறது. 18 கார்பன் கொண்டவை இரத்தத்திலிருந்து, அதாவது தீவனத்திலிருந்தும் மாட்டின் உடற்கொழுப்பிலிருந்தும் வருகின்றன. வைக்கோலைக் குறைத்தபோதே முதல் வழியின் மூலப்பொருளைக் குறைத்துவிட்டீர்கள்.

அதைவிடப் பெரிய பாதிப்பு பச்சைத் தவிட்டால் வந்திருக்கும். தவிட்டு எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒலிக், லினோலிக் முதலிய நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களே பெரும்பங்கு. இவை ரூமனில் உள்ள நுண்ணுயிரிகளுக்கு நஞ்சு போன்றவை என்பதால், அவை ஹைட்ரஜனைச் சேர்த்து இந்த அமிலங்களை நிறைவுற்றவையாக மாற்றிவிடுகின்றன. நார்த்தீவனம் போதுமாக இருக்கும்வரை இந்த மாற்றம் ஒழுங்காக நடக்கும். நார் குறைந்து, மாவுச்சத்து கூடி, ரூமனில் புளிப்பு ஏறிய நிலையில் எண்ணெயும் சேர்ந்தால், மாற்றம் வேறு பாதையில் திரும்பி டிரான்ஸ்-10, சிஸ்-12 என்ற வடிவம் கொண்ட லினோலிக் அமிலம் உருவாகிறது. நாளொன்றுக்குச் சில கிராம் குடலுக்குப் போனாலே மடியில் கொழுப்பு உற்பத்தி கணிசமாகக் குறைந்துவிடும் என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் நிறுவினார்கள்.

ஆகவே கடலை எண்ணெய் ஊற்றும் யோசனையை அறவே விட்டுவிடுங்கள். ஏற வேண்டிய கொழுப்பு இன்னும் இறங்கும். பச்சைத் தவிட்டை நிறுத்தி எண்ணெய் நீக்கிய தவிட்டுக்கு மாறுங்கள். வைக்கோல் அல்லது சோளத்தட்டை முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். கோ-5-ஐ 45 நாள் வளர்ச்சியில் அறுங்கள். அடர்தீவனத்தை இரண்டு வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வைக்கோல் தின்ற பிறகு வையுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் கொழுப்பு மீளும். அதுவரை ஆறாம் மாதக் கறவை மாட்டுக்கு எந்தக் கொழுப்புப் பொடியும் வேண்டாம்.

ஈன்று ஒரு மாதமான மாட்டின் நிலை வேறு. கறவை ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்தை எட்டிவிடும்; தீவனம் உட்கொள்ளும் அளவு உச்சத்துக்கு வர பத்து பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இடையில் விழும் ஆற்றல் பற்றாக்குறையை மாடு தன் உடம்பைக் கரைத்து ஈடுசெய்கிறது. எலும்பு தெரிவது அதனால்தான். இந்த மாட்டுக்குப் பைபாஸ் கொழுப்பு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

பதில் 2: தீவன ஆலையில் கலவை வகுப்பவர்

மருத்துவர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எந்தப் பொடி என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் பைபாஸ் கொழுப்பு என்ற ஒரே பெயரில் விற்பதால் அவை ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. மாட்டின் உடலில் வேலை செய்வது உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலம். ஒவ்வோர் அமிலமும் ஆற்றலை ஒவ்வொரு திசையில் அனுப்புகிறது. பால்மிடிக் அமிலம் பாலின் கொழுப்பை உயர்த்துவதில் முன்னிற்கிறது. ஒலிக் அமிலம் குடலில் மற்றக் கொழுப்பு அமிலங்களும் நன்கு செரிக்க உதவுவதோடு, ஆற்றலில் ஒரு பங்கை மாட்டின் உடலுக்குத் திருப்புகிறது. ஸ்டியரிக் அமிலம் மிகுந்த பொடிகளோ, அளவு கூடக் கூடச் செரிமானம் குறையும் தன்மையுடையவை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடம் லாக் குழுவினர் இந்த வேறுபாடுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். புதிதாக ஈன்ற மாடுகளுக்குப் பால்மிடிக் மிகுந்த கொழுப்பைக் கொடுத்தபோது பாலில் கொழுப்பு ஏறியது. கூடவே மாடுகள் எடையையும் கூடுதலாக இழந்தன. ஒலிக் பங்கைக் கூட்டியபோது அந்த எடை இழப்பு தணிந்தது.

இதை உங்கள் தொழுவத்துக்குப் பொருத்திப் பார்த்தால் விடை தானே வந்துவிடும். இடுப்பெலும்பு தெரியும் மாட்டுக்கு 80 சதவீதப் பால்மிடிக் குருணை பொருத்தமற்றது; சொசைட்டிச் சீட்டில் ஃபேட் ஏறும், மாடு இன்னும் இளைக்கும், அடுத்த சினை தள்ளிப்போகும். பாமாயில் கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்த கால்சியம் உப்பில் பால்மிடிக் 45 சதவீதத்தை ஒட்டியும் ஒலிக் 35 முதல் 40 சதவீதம் வரையும் இருக்கும். அந்த மாட்டுக்கு ஏற்றது அதுதான். ஆறாம் மாதக் கறவை மாடு உடல் தேறியிருந்தால், நார்த்தீவனத்தைச் சரிசெய்த பிறகும் கொழுப்பு ஏறாவிட்டால், அப்போது பால்மிடிக் குருணையை யோசிக்கலாம்.

கால்சியம் உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓகைய்யோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980-களில் வடிவம் பெற்ற இந்த முறையின் அடிப்படை எளியது: கொழுப்பு அமிலத்தைக் கால்சியத்தோடு பிணைத்துவிட்டால் அது ரூமனில் கரையாமல் கடந்து, நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில் பிரிந்து, குடலில் உறிஞ்சப்படும். ஆனால் ரூமனிலேயே புளிப்பு மிகுந்திருந்தால் பிணைப்பு அங்கேயே அவிழத் தொடங்கும். நிறைவுறா அமிலங்களின் பிணைப்புதான் முதலில் அவிழும். ஆகவே வைக்கோலைச் சரிசெய்யாமல் கால்சியம் உப்பைக் கொடுத்தால் பாதிப் பணம் வீண்.

மூட்டையில் 99 சதவீதம் என்று இருப்பதை வைத்து மட்டும் மதிப்பிடாதீர்கள். முழுவதும் ஹைட்ரஜனேற்றம் செய்த கொழுப்பு மாட்டின் குடலில் சரியாகச் செரிக்காமல் சாணத்தோடு போய்விடும். கொழுப்பு அமிலங்களின் பகுப்பாய்வு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 200 கிராம் கால்சியம் உப்பில் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பாலுக்குச் சமம்; அதில் ஒரு பங்கு உடம்புக்கும் போகும் என்பதால் முழுவதும் பாலாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கொழுப்பை மட்டும் பார்த்தால், 15 லிட்டர் பாலில் 3.4 சதவீதம் என்பது சுமார் 525 கிராம், அது 3.7 ஆனால் 571 கிராம். கூடுவது 46 கிராம்தான். உங்கள் சொசைட்டியின் விலைப்பட்டியலில் இந்த உயர்வுக்கு எவ்வளவு ரூபாய் கூடுகிறது என்பதைப் பொடியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொழுப்புச் சேர்க்கும்போது பாலின் புரதம் சில மாடுகளில் 0.1 சதவீதம் அளவுக்கு இறங்குவதுண்டு. ஆவின் கொள்முதலில் எஸ்.என்.எஃப்.-க்கும் விலை உண்டு என்பதால் அந்த எண்ணிலும் ஒரு கண் இருக்கட்டும்.

பதில் 3: கறவைப் பண்ணையாளர், ராசிபுரம்

வணக்கம். படித்தவர்கள் இருவர் விளக்கிவிட்டார்கள். நான் தொழுவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில், கன்றை எப்போது ஊட்ட விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கறந்து முடித்துவிட்டுக் கடைசியில் கன்றை விடுவது நம் பக்கத்து வழக்கம். மடியில் முதலில் இறங்கும் பாலில் கொழுப்பு 1 அல்லது 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில் 7 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அந்தக் கடைசிப் பாலைக் கன்று குடித்துவிட்டால் கேனில் கொழுப்பு எப்படி ஏறும்? கன்றுக்குத் தொடக்கத்தில் ஒரு காம்பை விட்டுவிடுங்கள், அல்லது கறந்த பாலை அளந்து ஊட்டுங்கள். மடியை ஒட்டக் கறக்கச் சொல்லுங்கள். கறவை ஆள் அவசரக்காரராக இருந்தால் இதிலேயே சில புள்ளிகள் போய்விடும்.

சொசைட்டியில் இரண்டு மாட்டுப் பாலும் கலந்துதான் அளவெடுக்கிறார்கள். ஒரு வாரம் தனித்தனியாக மாதிரி கொடுத்துப் பாருங்கள். காலைப் பாலைக் காலைப் பாலோடும் மாலைப் பாலை மாலைப் பாலோடும்தான் ஒப்பிட வேண்டும். கறவை இடைவெளி குறைவாக இருக்கும் வேளையில் கொழுப்பு இயல்பாகவே கூடுதலாக வரும்.

கால்சியம் உப்பின் வாடை பல மாடுகளுக்குப் பிடிப்பதில்லை. எடுத்த எடுப்பில் 200 கிராம் போட்டால் தொட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்; அடர்தீவனமும் மிச்சமாகிவிடும். ஐம்பது கிராமில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் ஏற்றுங்கள். தண்ணீரில் கலக்காதீர்கள், மேலே மிதந்து தொட்டி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். லேசாக ஈரப்படுத்திய அடர்தீவனத்தில் பிசிறினால் தின்றுவிடும். எங்கள் ஊரில் மாடுகள் சித்திரை, வைகாசி வெயிலில் இரை எடுப்பதைக் குறைத்துவிடும். கொழுப்புச் செரிக்கும்போது உடலில் எழும் சூடு குறைவு என்பதால் அந்த மாதங்களில்தான் இதன் பலனை நான் தெளிவாகக் கண்டிருக்கிறேன்.

கலப்படமும் நடக்கிறது. ஒரு தேக்கரண்டிப் பொடியைக் கண்ணாடி டம்ளரில் கொதிநீரில் போட்டுக் கலக்குங்கள். நல்ல கால்சியம் உப்பு உருகாமல் பொடியாகவே நிற்கும்; மேலே எண்ணெய்ப் படலம் திரண்டால் பிணைப்பு சரியாக நடக்கவில்லை என்று பொருள். இன்னொரு தேக்கரண்டிப் பொடியில் வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கக் கூடாது; பொங்கினால் சுண்ணாம்புக்கல் தூள் சேர்ந்திருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

ஜெர்சிக்கு ஈனுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே சிறிதளவு கொடுத்துப் பழக்கிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்: கோபி வட்டாரப் பண்ணையாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சைத் தவிட்டை நிறுத்திவிட்டேன், வைக்கோலுக்கும் சொல்லியாயிற்று. கன்றை நாங்களும் கடைசியில்தான் விடுகிறோம், அதையும் மாற்றுகிறேன். ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. கால்சியம் உப்பிலேயே கால்சியம் இருப்பதால், இப்போது கொடுத்துவரும் தாது உப்புக் கலவையை நிறுத்திவிடலாமா? ஜெர்சிக்கு ராசிபுரத்து அண்ணன் சொன்னபடி இப்போதே தொடங்கலாமா?

பதில்: கால்நடை மருத்துவர், நாமக்கல்

தாது உப்பை நிறுத்தக் கூடாது. கால்சியம் உப்பில் கால்சியம் 9 சதவீதம் அளவில் இருக்கும். 200 கிராமில் 18 கிராம் கிடைக்கும். உங்கள் மாடு 18 லிட்டர் பாலில் மட்டும் 21 கிராமுக்கு மேல் கால்சியத்தை வெளியேற்றுகிறது. தின்பது அனைத்தும் குடலில் சேர்வதுமில்லை. பாஸ்பரஸ், துத்தநாகம், செம்பு முதலியவற்றில் எதையும் இந்தப் பொடி தராது. இரண்டையும் கொடுங்கள். கறவை நூறு நாளைத் தாண்டி உடல்கட்டு திரும்பியதும் பொடியைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

ஜெர்சி விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். புதுத் தீவனத்துக்கு முன்கூட்டியே பழக்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் ஜெர்சி இரத்தம் உள்ள மாடுகளுக்குப் பால் காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்ற மாடுகளைவிட அதிகம். ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் தீவனத்தில் கால்சியம் மிகுந்திருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உடல் தயார்செய்து வைக்காது. ஈன்ற அன்று மடிக்குத் திடீரெனக் கால்சியம் இழுக்கப்படும்போது மாடு படுத்துவிடும். பொடியில் போகும் கால்சியம் சிறிதளவே என்றாலும், தேவையில்லாத காலத்தில் கொடுப்பதில் பயனில்லை. அது ஈனும்வரை அடர்தீவனத்தை மட்டும் மெல்லக் கூட்டிப் பழக்குங்கள். ஈன்று, நஞ்சுக்கொடி விழுந்து, நன்றாக இரை எடுக்கத் தொடங்கிய பிறகு, நான்கைந்து நாள் கழித்து ஐம்பது கிராமில் ஆரம்பியுங்கள்.